மாசூட்டிய குறைகடத்தி நானோ துகள்கள்: ஒளிர்வும் காந்தமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளைப் பெரும்பாலும் இரண்டு வகையினர் கேட்கிறார்கள். ஒரு வகையினர், துத்தநாக சல்ஃபைடில் மாங்கனீசை மாசாக, அதாவது வேண்டுமென்றே கலக்கும் சிறிதளவு வேற்று அணுவாக, சேர்த்து முதன்முறையாகப் புறஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்த்த மாணவர்கள். மற்றவர்கள், காந்த அளவீட்டில் சின்னதாக ஒரு தயக்கக் கண்ணி (புலத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் காந்தம் ஒரே பாதையில் போகாததால் வரைபடத்தில் விழும் வளையம்) தெரிந்ததும் அதை என்னவென்று எழுதுவது என யோசிப்பவர்கள். இரண்டாவது வகையினருக்கான பதில்களே கீழே அதிக இடத்தை எடுத்துக்கொண்டிருக்கின்றன. காரணம் இருக்கிறது.

குறைகடத்தியில் மாசு சேர்ப்பது பழைய சங்கதி. நானோ துகளில் அதற்கு என்ன தனி மவுசு?

சிலிக்கானில் பாஸ்பரஸ் சேர்ப்பது மின்கடத்தலுக்காக. பாஸ்பரஸ் ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாகக் கொடுக்கிறது, வேலை முடிந்தது. துத்தநாக சல்ஃபைடில் மாங்கனீசைச் சேர்க்கும்போது அப்படி எதுவும் நடப்பதில்லை. இரண்டு நேர்மின் சுமை கொண்ட துத்தநாக அயனியின் இடத்தில், அதே சுமை கொண்ட மாங்கனீசு அயனி உட்காருகிறது. மின்கணக்கில் மாற்றம் இல்லை. ஆனால் அந்த அயனியின் டி கூட்டில் (எலெக்ட்ரான்கள் தங்கும் அடுக்குகளில் ஒன்றில்) இணை சேராத ஐந்து எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. ஆரஞ்சு ஒளிர்வும் அவற்றிலிருந்துதான் வருகிறது, காந்தத் திருப்புத்திறனும் (அயனி எவ்வளவு வலிய காந்தம் என்ற அளவு) அவற்றிலிருந்துதான் வருகிறது.

நானோ அளவு இதோடு இன்னொன்றைச் சேர்க்கிறது. துகள் சிறுக்கச் சிறுக்க அதன் ஆற்றல் இடைவெளி (எலெக்ட்ரானைக் கட்டிலிருந்து கிளப்பிவிடத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) அகலமாகும். மாசு எதுவும் இல்லாத கேட்மியம் செலினைடே, 2 நானோமீட்டர் அளவில் நீலத்தை ஒட்டியும் 6 நானோமீட்டர் அளவில் சிவப்பாகவும் ஒளிரும். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் இத்தகைய சிறு துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகத்தான் எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மாசூட்டிய துகளில், அளவைக் கொண்டு தாய்ப்படிகத்தின் (மாசைத் தாங்கும் படிகத்தின்) இடைவெளியை நாம் விரும்பியபடி நகர்த்தலாம். மாசு அயனியின் ஆற்றல் மட்டங்களோ ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். இந்தத் துறையின் பாதி விளையாட்டு இந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது.

"1 சதவீத மாங்கனீசு" என்றால் ஒரு துகளுக்குள் எத்தனை அணுக்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். துத்தநாக சல்ஃபைடின் கனசதுர அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறு கட்டத்தின்) பக்கம் 0.541 நானோமீட்டர். ஒரு கூட்டில் 4 துத்தநாக அணுக்கள். 3 நானோமீட்டர் விட்டமுள்ள கோளத்துக்குள் இப்படிச் சுமார் 90 கூடுகள் அடங்கும். அதாவது ஏறத்தாழ 350 துத்தநாக அணுக்கள். அதில் 1 சதவீதம் என்றால் மூன்று அல்லது நான்கு மாங்கனீசு அணுக்கள். அவ்வளவுதான்!

இது சராசரி மட்டுமே. சராசரியாகத் துகளுக்கு ஒரு மாங்கனீசு வருமாறு சேர்த்தால், வெறும் தற்செயல் பங்கீட்டிலேயே 37 சதவீதத் துகள்களில் மாங்கனீசே இருக்காது. சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் மூன்று. குப்பியில் இருப்பது ஒரே பொருள் என்று நினைத்துக்கொண்டு அளக்கிறோம், ஆனால் உள்ளே இருப்பது பல வகைத் துகள்களின் கூட்டம். போதாக்குறைக்கு, இந்த அளவில் அணுக்களில் பெரும்பங்கு மேற்பரப்பிலோ அதற்கு அடுத்த அடுக்கிலோ இருக்கும். மேற்பரப்பில் உட்கார்ந்த மாங்கனீசு, உள்ளே புதைந்த மாங்கனீசைப் போல நடந்துகொள்ளாது.

சேர்த்த மாசு எல்லாம் உள்ளே போய்விடுமா?

போகாது. கரைசலில் 5 சதவீதம் எடுத்தால் படிகத்தில் 1 சதவீதம்கூடத் தேறாமல் போவது சாதாரணம். எனவே "5 சதவீதம் மாசூட்டிய மாதிரி" என்று எழுதியிருந்தால், அது குடுவையில் போட்டதா, அமிலத்தில் கரைத்து ஐசிபி கருவியில் (தனிமங்களின் அளவைக் கணக்கிடும் கருவி) அளந்ததா என்று கேளுங்கள்.

ஏன் போவதில்லை என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. எர்வின், எஃப்ரோஸ், நோரிஸ் குழுவினர் 2005-ல் முன்வைத்தது வளர்ச்சி வேகம் சார்ந்த விளக்கம். மாசு அணு முதலில் படிகத்தின் ஒரு முகத்தில் ஒட்ட வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும் சுவரின் மேல் வைத்த சிறு கல், அடுத்த செங்கல் வரிசை வரும்வரை அசையாமல் இருந்தால்தானே சுவருக்குள் போகும், அதேபோலத்தான் இதுவும். எந்த முகத்தில் எவ்வளவு உறுதியாக ஒட்டுகிறது என்பது படிக அமைப்பைப் பொறுத்தது. கனசதுர அமைப்புள்ள துத்தநாக சல்ஃபைடும் செலினைடும் மாங்கனீசை ஏற்றுக்கொள்ள, அறுகோண அமைப்பில் வளர்ந்த கேட்மியம் செலினைடு முரண்டு பிடித்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் இது.

டால்பியனும் செலிகோவ்ஸ்கியும் 2006-ல் சொன்னது வேறு: துகள் சிறுக்கும்போது மாசு உள்ளே இருப்பதற்கான ஆற்றல் செலவு கூடுகிறது, ஆகவே துகள் தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்கிறது. என் பார்வையில், குறைந்த வெப்பநிலையில் வேகமாக வளரும் துகள்களுக்கு முதல் விளக்கமே பொருந்துகிறது. உள்ளே போன அணு வெளியேற வேண்டுமானால் படிகத்துக்குள் நகர வேண்டும், அந்த வெப்பநிலையில் அதற்கு வழி குறைவு.

நடைமுறையில் எளிய சோதனை ஒன்று உண்டு. துகள்களின் மேலுறை மூலக்கூறுகளை பிரிடின் போன்றவற்றால் மாற்றிக் கழுவிவிட்டு மீண்டும் அளங்கள். மாங்கனீசு பெருமளவு குறைந்துபோனால் அது உள்ளே போகவே இல்லை, மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. கேட்மியம் செலினைடில் சில ஆரம்பகால முயற்சிகளுக்கு நேர்ந்தது இதுதான்.

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (படிக அமைப்பைக் காட்டும் அளவீடு) வரைபடத்தில் உச்சி நகர்ந்திருக்கிறது. மாசு உள்ளே போனதற்கு இது ஆதாரம் ஆகாதா?

3 நானோமீட்டர் துகளுக்கு ஆகாது. மாங்கனீசு அயனி துத்தநாகத்தைவிடச் சற்றுப் பெரியது. நான்முகி அமைப்பில் ஆரம் 0.066 நானோமீட்டர், துத்தநாகத்துக்கு 0.060. ஆகவே கூடு விரியும் என்பது உண்மைதான். ஆனால் 1 சதவீத மாங்கனீசுக்கு, 28.6 பாகையில் வரும் முதன்மை உச்சி சுமார் 0.01 பாகைதான் நகரும். அந்த உச்சியின் அகலமோ, துகள் இவ்வளவு சிறியது என்பதால், 2.5 பாகைக்கும் மேல். அவ்வளவு பருத்த உச்சியில் அவ்வளவு சிறு நகர்வைப் படிக்க முடியாது. மாதிரித் தட்டில் தூள் அரை மில்லிமீட்டர் உயரமாக இருந்தாலே அதைவிடப் பல மடங்கு நகர்ந்துவிடும்.

துத்தநாக சல்ஃபைடில் மாங்கனீசு ஏன் ஆரஞ்சாக ஒளிர்கிறது? துகளின் அளவை மாற்றினால் நிறம் மாறாதா?

புறஊதா ஒளியை உறிஞ்சுவது தாய்ப்படிகம். அதில் பிறக்கும் எலெக்ட்ரானும் துளையும் (எலெக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) தம் ஆற்றலை மாங்கனீசிடம் ஒப்படைக்கின்றன. மாங்கனீசு கிளர்வு நிலைக்குப் போய், அங்கிருந்து அடி நிலைக்கு இறங்கும்போது 585 முதல் 590 நானோமீட்டர் வரையிலான ஒளியை வெளியிடுகிறது. ஆற்றலில் சொன்னால் சுமார் 2.1 எலெக்ட்ரான் வோல்ட்.

இந்த 2.1 என்பது மாங்கனீசைச் சுற்றியிருக்கும் நான்கு கந்தக அணுக்கள் அமைக்கும் புலத்தைப் பொறுத்தது, துகளின் விட்டத்தைப் பொறுத்ததல்ல. அளவை மாற்றினால் உறிஞ்சும் அலைநீளம் நகரும், ஆரஞ்சு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். உறிஞ்சுவது 300-ஐ ஒட்டி, வெளியிடுவது 590-ல். இடையில் இவ்வளவு தூரம் இருப்பதால் துகள் தன் ஒளியைத் தானே விழுங்குவதில்லை. இது பெரிய அனுகூலம்.

கூடவே 420 முதல் 450 வரை நீல ஒளிர்வு ஒன்றும் தெரியலாம். அது தாய்ப்படிகத்தின் குறைபாடுகளுடையது. மாங்கனீசு நன்றாக உள்ளே போன மாதிரியில் நீலம் மங்கி ஆரஞ்சு ஓங்கும்.

என் மாதிரி 365 நானோமீட்டர் விளக்கில் ஒளிரவில்லை. தயாரிப்பு தோல்வியா?

அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். 365 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் 3.4 எலெக்ட்ரான் வோல்ட். துத்தநாக சல்ஃபைடின் இடைவெளி பெரும்படிகத்திலேயே 3.6-க்கு மேல். சிறு துகளில் 4-ஐத் தாண்டும். அந்த விளக்கின் ஒளியைத் துகள் உறிஞ்சவே இல்லை, எப்படி ஒளிரும்? 312 அல்லது 254 நானோமீட்டர் விளக்கில் வையுங்கள். அதோடு, சாதாரணக் கண்ணாடிக் குப்பி 254-ஐத் தடுத்துவிடும். குவார்ட்ஸ் குவளையில் ஊற்றியோ, ஒரு துளியைத் தாளில் உலர்த்தியோ பாருங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

இதற்கு நேர்மாறான பொறியும் ஒன்று உண்டு. ஒளிர்வு அளவியில் 295 நானோமீட்டரில் கிளர்வூட்டினால், விளிம்பு விளைவுக் கீற்றணியின் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் பாகத்தின்) இரண்டாம் வரிசை, அதாவது இரட்டை அலைநீளத்தில் விழும் போலி, 590-ல் ஒரு உச்சியைக் காட்டும். மாங்கனீசு வரவேண்டிய அதே இடம்! கூர்மையாக, மெலிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கிளர்வூட்டும் அலைநீளத்தை 300-க்கு மாற்றினால் பொய் உச்சி 600-க்கு ஓடிவிடும், மாங்கனீசின் அகன்ற பட்டை அசையாது. நிரந்தரத் தீர்வு, உணரிக்கு முன்னால் நீள் அலைகளை மட்டும் விடும் வடிப்பான்.

நானோ துகளில் மாங்கனீசின் ஒளிர்வு ஆயுட்காலம் நானோநொடிக்குக் குறைந்துவிடுகிறது என்கிறார்களே?

அது 1994-ல் பார்கவாவும் சகாக்களும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் கூற்று. பெரும்படிகத்தில் இந்த ஒளிர்வு தணிய ஏறக்குறைய 1.8 மில்லிநொடி ஆகும். அடி நிலையில் ஐந்து எலெக்ட்ரான்களும் ஒரே திசைத் தற்சுழற்சியில் (எலெக்ட்ரானின் உள்ளார்ந்த காந்த இயல்பு) நிற்கின்றன. கிளர்வு நிலையில் ஒன்று திரும்பி நிற்கிறது. அது மீண்டும் திரும்பினால்தான் இறங்க முடியும், அந்தத் திருப்பத்துக்கு விதியில் அனுமதி கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் இந்தத் தாமதம். நானோ துகளில் அது லட்சம் மடங்கு குறைந்து நானோநொடிகளில் முடிகிறது, அதே நேரம் 18 சதவீதத் திறனும் கிடைக்கிறது என்றது அந்தக் கட்டுரை. வேகமும் பிரகாசமும் சேர்ந்து கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? பலரும் பின்தொடர்ந்தார்கள்.

போலும் மெய்ஜரிங்கும் 1998-ல் நிதானமாக அளந்து காட்டினார்கள்: மாங்கனீசின் ஆயுட்காலம் நானோ துகளிலும் மில்லிநொடிதான். வேகமாகத் தணிந்தது, ஆரஞ்சுப் பகுதிவரை நீண்டு கிடந்த குறைபாட்டு ஒளிர்வின் வால். லேசர் துடிப்புகள் நெருங்கி வந்து, உணரி சில மைக்ரோநொடிகளை மட்டும் பார்த்தால், மில்லிநொடி ஒளிர்வு தட்டையான பின்னணியாகத் தெரியும். அதைக் கழித்துவிட்டால் மிச்சம் வேகமான வால் மட்டுமே. கருவி பொய் சொல்லவில்லை, சாளரம்தான் சிறியது.

மாங்கனீசு தவிர வேறு எவை?

செம்பு பச்சையைத் தரும்; இருட்டில் மினுங்கும் பழைய துத்தநாக சல்ஃபைடு வண்ணங்களில் இருந்ததும் இதுதான். டெர்பியம் 545-ல் பச்சை, எர்பியம் 1.54 மைக்ரோமீட்டரில் அகச்சிவப்பு. கண்ணாடி இழைத் தகவல் தொடர்புக்கு எர்பியம் இன்றியமையாதது. இரும்பும் கோபால்ட்டும் நிக்கலும் பொதுவாக ஒளிர்வைக் கொன்றுவிடும்.

ஆனால் கோபால்ட்டில் ஓர் அழகு உண்டு. துத்தநாக ஆக்சைடில் அது முறையாகத் துத்தநாகத்தின் இடத்தில் அமர்ந்தால் வெள்ளைத் தூள் பச்சையாகிவிடும். உறிஞ்சல் நிறமாலையில் 565, 610, 655 நானோமீட்டரை ஒட்டி மூன்று உச்சிகள் தெரியும். நான்முகி அமைப்பில் இரட்டை நேர்மின் கோபால்ட் இருப்பதற்கான கையெழுத்து அது. தூள் கறுப்பாகவோ சாம்பலாகவோ வந்தால் கோபால்ட் ஆக்சைடோ உலோகக் கோபால்ட்டோ பிரிந்து நிற்கிறது என்று அர்த்தம்.

யூரோப்பியம் தனிக்கதை. மூன்று நேர்மின் யூரோப்பியம் 612-ல் சிவப்பாகவும் 590-ல் மெலிதாகவும் ஒளிரும். 590 வரி சூழலைப் பொருட்படுத்தாது, 612 வரி சமச்சீர் குலைந்த இடத்தில்தான் ஓங்கும். ஆகவே இரண்டின் விகிதத்தைப் பார்த்தே அயனி ஒழுங்கான இடத்தில் இருக்கிறதா, கோணலான மேற்பரப்பில் இருக்கிறதா என்று கணிக்கலாம். துத்தநாகத்தைவிட இது மிகப் பெரிய அயனி, சுமையும் வேறு. பெரும்பாலும் மேற்பரப்பில்தான் தங்கும். இன்னொன்று: இவ்வளவு பளிச்சென்று ஒளிரும் இந்த அயனியின் அடி நிலைக்குக் காந்தத் திருப்புத்திறன் பூச்சியம். அதே யூரோப்பியம் இரண்டு நேர்மின் சுமையோடு இருந்தால் இணை சேராத எலெக்ட்ரான்கள் ஏழு! "யூரோப்பியம் சேர்த்தேன், காந்தம் கூடியது" என்று யாராவது சொன்னால் எந்தச் சுமை நிலை என்பதுதான் முதல் கேள்வி.

மாசைக் கூட்டினால் ஒளிர்வு கூடுமா?

ஓரளவுக்கு மட்டும். மாங்கனீசுகள் நெருங்கினால் கிளர்வு ஆற்றல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, கடைசியில் ஒரு குறைபாட்டில் போய் விழுந்து வெப்பமாகிவிடும். சில சதவீதத்துக்கு மேல் பெரும்பாலும் இறங்குமுகம்தான்.

காந்தத்துக்கு வருவோம். இந்தத் துகள்கள் இயல்பில் எப்படி நடந்துகொள்ளும்?

அறை வெப்பநிலையில் பாராகாந்தம், அதாவது வெளிப்புலம் இருக்கும்வரை மட்டும் மெல்லக் காந்தமாகும். புலத்துக்கு எதிராகக் காந்தமாகும் அளவை வரைந்தால் நேர்கோடு, கண்ணி கிடையாது. 2 கெல்வினுக்குக் குளிர்வித்தால் கோடு வளைந்து நிறைவை நோக்கிப் போகும். ஐந்து எலெக்ட்ரான்களுக்கு ஐந்து போர் மேக்னெட்டான் (அணுக்காந்தத்தின் அலகு) வரை.

அடுத்தடுத்த இடங்களில் இரண்டு மாங்கனீசு அமர்ந்தால், நடுவிலிருக்கும் கந்தகத்தின் வழியாக அவை எதிரெதிர் திசையில் நிற்கும், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஓர் இடத்துக்கு அண்டை இடங்கள் 12. தற்செயலாகப் பரவியிருந்தால், 1 சதவீதத்தில் 89 சதவீத மாங்கனீசுக்கு அண்டையில் இன்னொரு மாங்கனீசு இருக்காது. 5 சதவீதத்தில் இது 54 ஆகிவிடும், 10 சதவீதத்தில் வெறும் 28. ஆகவே செறிவு கூடக்கூட மாங்கனீசு ஒன்றுக்கான காந்தம் குறைய வேண்டும். குறைகிறது என்றால் துகள் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். பல ஆய்வேடுகளில் இது ஏமாற்றமாக எழுதப்படுவதுதான் வேடிக்கை.

தாய்ப்படிகத்தின் எலெக்ட்ரானும் துளையும் இந்த டி எலெக்ட்ரான்களோடு பரிமாற்று இடைவினை (தற்சுழற்சிகள் ஒன்றையொன்று திருப்பும் குவாண்டம் விளைவு) கொள்வதால் இன்னொரு விளைவு உண்டு: காந்தப் புலத்தில் தாய்ப்படிகத்தின் மட்டங்கள் அளவுக்கு மீறிப் பிளக்கும். இதை ராட்சத ஸீமன் பிளவு என்பார்கள். குளிர்ந்த நிலையில் மாங்கனீசு கலந்த கேட்மியம் டெல்லூரைடில், பிளவின் அளவைச் சொல்லும் பயனுறு ஜி மதிப்பு 100-ஐத் தாண்டும், வழக்கமான எலெக்ட்ரானுக்கு அது 2. மாசு உண்மையிலேயே படிகத்துக்குள் இருந்தால் ஒழிய இந்தப் பிளவு வராது.

அறை வெப்பநிலையிலேயே ஃபெர்ரோ காந்தம் (புலத்தை எடுத்தாலும் நிற்கும் காந்தம்) என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. கதை 2000-த்தில் வேகமெடுத்தது. அதற்கு முன்பே, மாங்கனீசு சேர்த்த காலியம் ஆர்சனைடில் துளைகளின் துணையோடு ஃபெர்ரோ காந்தம் உண்டாவதை ஓனோ குழுவினர் காட்டியிருந்தார்கள். கியூரி வெப்பநிலை, அதாவது அந்தக் காந்தம் மறையும் வெப்பநிலை, 110 கெல்வின். டீட்ல் தலைமையிலான குழு 2000-த்தில் வெளியிட்ட கணிப்பு, துத்தநாக ஆக்சைடிலும் காலியம் நைட்ரைடிலும் அது அறை வெப்பநிலையைத் தாண்டலாம் என்றது. நிபந்தனை: 5 சதவீத மாங்கனீசு, கூடவே ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.5 × 10²⁰ துளைகள். துத்தநாக ஆக்சைடில் அவ்வளவு துளைகளை உண்டாக்குவதே பெரும்பாடு. பின்னால் வந்த கட்டுரைகளில் பல, கணிப்பின் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டி நிபந்தனையை மறந்துவிட்டன.

காலியம் ஆர்சனைடின் கதை நேர்மையானது. யார் செய்தாலும் வருகிறது, மின் அளவீட்டிலும் ஒளி அளவீட்டிலும் ஒரே விடை தருகிறது. எவ்வளவோ முயன்றும் 200 கெல்வினை ஒட்டி நின்றுவிட்டது. ஆக்சைடுகளின் கதை அப்படியல்ல: ஒரு ஆய்வகத்தில் வருவது இன்னொன்றில் வருவதில்லை.

என் மாதிரியில் அதிர்வு காந்தமானி ஒரு கண்ணியைக் காட்டுகிறது, நிறைவு மதிப்பு கிராமுக்கு 0.001 இ.எம்.யூ (காந்தத் திருப்புத்திறனின் அலகு). ஃபெர்ரோ காந்தம் என்று எழுதலாமா?

இந்தப் பக்கத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. எழுதுவதற்கு முன் இரண்டு வகுத்தல்களைச் செய்யுங்கள்.

முதலாவது: 1 சதவீத மாங்கனீசு எல்லாம் ஒரே திசையில் நின்றால் எவ்வளவு வரவேண்டும்? ஒரு கிராம் துத்தநாக சல்ஃபைடில் அப்போது சுமார் 0.0001 மோல் மாங்கனீசு இருக்கும். அணுவுக்கு ஐந்து போர் மேக்னெட்டான் வீதம் கணக்கிட்டால் கிராமுக்கு ஏறத்தாழ 2.9 இ.எம்.யூ. உங்களுக்கு வந்தது அதில் கிட்டத்தட்ட மூவாயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் மற்ற மாங்கனீசு எல்லாம் என்ன செய்துகொண்டிருக்கின்றன?

இரண்டாவது: இதே அளவைத் தர எவ்வளவு இரும்பு போதும்? இரும்பின் நிறைவு மதிப்பு கிராமுக்குச் சுமார் 218 இ.எம்.யூ. 0.001-ஐ 218-ஆல் வகுத்தால், ஒரு கிராமுக்கு 5 மைக்ரோகிராமுக்கும் குறைவு. பத்து லட்சத்தில் ஐந்து பங்கு இரும்பு! உங்கள் துத்தநாக அசிட்டேட் புட்டியின் முகச்சீட்டைப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட இரும்பு அளவே இதை ஒட்டி அல்லது இதற்கு மேல் எழுதியிருக்கும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் ஒரு சதவீதத்துக்குக் கீழான கலப்பே தெரியாமல் போகலாம். இவ்வளவு நுண்ணிய இரும்பை அது காட்ட வாய்ப்பே இல்லை.

இரும்பு எங்கிருந்து வரும்? தேய்ந்த காந்தக் கலக்கியின் உறையிலிருந்து வரும். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியிலிருந்து, இடுக்கியிலிருந்து வரும். மாதிரியை ஒட்டும் நாடாவிலிருந்தும் வரும். ஹாஃப்னியம் ஆக்சைடுப் படலத்தில் எதிர்பாராத காந்தம் என்று 2004-ல் பரபரப்பாக ஓர் அறிக்கை வந்தது. மறு ஆண்டே வேறொரு குழு, எஃகு இடுக்கியால் பிடித்த படலங்களிலும் அதே போன்ற காந்தம் தெரிகிறது, இடுக்கி படாதவற்றில் தெரிவதில்லை என்று காட்டியது. அதற்குப் பிறகும் இந்தத் துறையில் எஃகு இடுக்கிகள் மேசையை விட்டுப் போகவில்லை. பிளாஸ்டிக் இடுக்கியின் விலை அவ்வளவு பெரிதில்லை, பழக்கத்தை விடுவதுதான் கஷ்டம் போலும்.

கண்ணி வந்துவிட்டதாலேயே ஃபெர்ரோ காந்தம் ஆகிவிடாது என்பதுதான் பதில். "மிகச் சிறு அளவில் கண்ணி காணப்படுகிறது, அதன் மூலம் உறுதியாகவில்லை" என்று எழுதுங்கள். தேர்வாளர் எவரும் அதற்காக மதிப்பெண் குறைத்தால் அது அவர் பிழை.

மாசே சேர்க்காத துகளிலும் கண்ணி வருகிறது. இது எப்படி?

சுந்தரேசனும் சி.என்.ஆர். ராவும் 2006-ல் சீரியம் ஆக்சைடு, அலுமினா, துத்தநாக ஆக்சைடு உள்ளிட்ட காந்தமற்ற ஆக்சைடுகளின் 7 முதல் 30 நானோமீட்டர் துகள்களில் அறை வெப்பநிலையில் மெல்லிய ஃபெர்ரோ காந்தத்தைக் கண்டதாக வெளியிட்டார்கள். மேற்பரப்பிலுள்ள ஆக்சிஜன் காலியிடங்களே காரணம் என்றார்கள். இது இன்றும் வாதத்தில் உள்ள விஷயம். உங்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்றுதான்: மாசு சேர்க்காத மாதிரியை அதே நாள், அதே கருவிகள், அதே புட்டிகளோடு தயாரித்து அளக்காமல், மாசூட்டிய மாதிரியின் கண்ணியை மாசின் தலையில் கட்ட முடியாது.

எந்த அளவீட்டை முதலில் செய்வது?

ஒளியிலிருந்து தொடங்குங்கள். உணரியை 590-ல் நிறுத்திவிட்டுக் கிளர்வூட்டும் அலைநீளத்தை ஓட்டுங்கள். கிடைக்கும் நிறமாலை துகளின் உறிஞ்சல் விளிம்பைப் போலவே இருந்தால், ஆற்றல் தாய்ப்படிகத்திலிருந்து மாங்கனீசுக்குப் போகிறது, ஆகவே மாங்கனீசு அதோடு இணைந்திருக்கிறது. கலந்து கிடக்கும் மாங்கனீசு ஆக்சைடு இதைச் செய்யாது.

பிறகு எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு, அதாவது இணை சேராத எலெக்ட்ரான்களை நேரடியாகப் பார்க்கும் அளவீடு. மாங்கனீசின் அணுக்கருவும் தற்சுழற்சி உடையது என்பதால் ஆறு வரிகள் வரும். வரிகளுக்கிடையே 64 காஸ் (காந்தப் புலத்தின் அலகு) அளவில் இடைவெளி இருந்தால் படிகத்துக்குள், 90-ஐ ஒட்டி இருந்தால் மேற்பரப்பில். ஆறும் கலந்து ஒரே அகன்ற மேடாகிவிட்டால் மாங்கனீசுகள் கூடிக் கிடக்கின்றன. அதற்குப் பிறகு ஐசிபி, கடைசியில்தான் காந்தமானி. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காந்தமானி மாதிரி முழுவதையும், அதில் விழுந்த தூசியையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. ஒளிர்வோ ஒத்ததிர்வோ மாங்கனீசின் முகவரியோடு வருகிறது.

ஒளிரும் குப்பிக்கு அருகே காந்தம் கொண்டுபோனால் ஒளி மாறுமா?

மாறாது. கைக்காந்தத்தின் 0.3 டெஸ்லா புலம் ஒரு தற்சுழற்சிக்குத் தரும் பிளவு, அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலில் எழுநூறில் ஒரு பங்குதான். தூள் காந்தத்தை நோக்கித் தாவினால் மகிழ வேண்டாம், இரும்பு ஆக்சைடைத் தேடுங்கள்.

அப்படியானால் ஒளியும் காந்தமும் ஒன்றையொன்று பாதிப்பதே இல்லையா?

பாதிக்கும், அதற்கு இடைவெளியைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாய்ப்படிகத்தின் இடைவெளி 2.1 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலிருந்தால் ஆற்றல் மாங்கனீசுக்கு ஓடிவிடும். கேட்மியம் செலினைடுத் துகளை 3 நானோமீட்டரைத் தாண்டி வளர்த்தால் இடைவெளி அதற்குக் கீழே இறங்கும். அப்போது மாங்கனீசு உள்ளே இருந்தும் தாய்ப்படிகமே ஒளிரும். எலெக்ட்ரானும் துளையும் அங்கே தங்கியிருக்கும் நேரத்தில் சுற்றியுள்ள மாங்கனீசுகளின் தற்சுழற்சியைத் தம் பக்கம் திருப்பிவிடுகின்றன. வெளிப்புலமே இல்லாமல் ஒளி பட்டவுடன் துகள் காந்தமாகிறது. கேமலின் குழுவினர் 2009-ல் இதைக் கரைசலில் தயாரித்த குவாண்டம் புள்ளிகளில் காட்டினார்கள், விளைவு அறை வெப்பநிலை வரை தாக்குப்பிடித்தது. ஆக்சைடுகளின் ஃபெர்ரோ காந்தக் கட்டுரைகளைவிட எனக்கு இது பல மடங்கு சுவையானது: காந்தம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்த ஒளியே காட்டிக்கொடுக்கிறது.

எங்கே உண்மையில் பயன்படுகிறது?

மாங்கனீசு கலந்த துத்தநாக சல்ஃபைடுப் படலம் ஆரஞ்சு-மஞ்சள் மின்னொளிர் திரைகளில் பல காலமாக உண்டு. மாங்கனீசு கலந்த கேட்மியம் டெல்லூரைடு, லேசர் ஒளி திரும்பி வராமல் தடுக்கும் ஒளித் தனிப்படுத்திகளில் பயன்படுகிறது. இரண்டுமே பெரும்படிகம் அல்லது படலம், நானோ துகள் அல்ல. நானோ அளவில் நம்பிக்கை தருவது இட்டர்பியம் சேர்த்த சீசியம் ஈய குளோரைடு, பெரோவ்ஸ்கைட் என்ற அமைப்புள்ள படிகம். ஒரு நீல-ஊதா ஒளித்துகளை வாங்கி இரண்டு அகச்சிவப்பு ஒளித்துகள்களைத் தருகிறது; 150 சதவீதத்துக்கு மேல் குவாண்டம் திறன் அளக்கப்பட்டிருக்கிறது. சூரிய மின்கலத்துக்கு முன்னால் வைக்கலாம் என்பது திட்டம். தற்சுழற்சி மின்னணுவியல் சாதனங்களைப் பொறுத்தவரை, அறை வெப்பநிலையில் வேலை செய்யும் நம்பகமான பொருள் இந்தக் குடும்பத்திலிருந்து இன்னும் கடைக்கு வரவில்லை.

நச்சு?

கேட்மியம் நச்சுதான். மின்னணுப் பொருட்களில் எடையில் 0.01 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது ஐரோப்பிய விதி. துத்தநாக சல்ஃபைடு அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் கழிவைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்; மீதமுள்ள சோடியம் சல்ஃபைடில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிவரும்.

சென்ற மாதம் அளந்த மாதிரி இந்த மாதம் கூடுதலாக ஒளிர்கிறது. ஏன்?

நடப்பதுதான். புறஊதா ஒளி படப்பட, துகளின் மேற்பரப்பில் சிறு வேதிமாற்றங்கள் நடந்து சில குறைபாடுகள் மூடிக்கொள்ளும், ஒளிர்வு கூடும். வேறு சில மாதிரிகளில் மேலுறை கழன்று, துகள்கள் திரண்டு, ஒளிர்வு குறையும். தூளை உலர்த்தி இருட்டில் மூடி வையுங்கள், ஒப்பிட வேண்டிய மாதிரிகள் எல்லாவற்றையும் தயாரித்த பின் ஒரே கால இடைவெளியில் அளங்கள். காந்த அளவீட்டுக்கான பகுதியை முதல் நாளே தனியாகப் பிரித்து, எஃகு படாத குப்பியில் போட்டுவிடுங்கள்.